இரண்டு எண் பிந்தி வந்த அழைப்பு

காலை 7.10.

சுன்னிவாவின் படகு நிற்கவேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர் கிடந்தது.

ஐவிண்ட் டார்ச்சை இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார். எழுபத்து மூன்று வயதில் தன் கண்ணையே அவர் முழுசாக நம்புவதில்லை. துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விளக்கு எரிந்தது. படகு இல்லை. ஹெஸ்ட்வேர் தீவில் இருக்கிற பதினோரு படகில் பத்து பனி போர்த்திக்கொண்டு தூங்கின.

சட்டைப்பையில் இருந்த சின்ன டிஜிட்டல் ரேடியோ இரண்டு முறை திக்கி ஊமையாகிப் போனது. துறைமுகத்துக்குள் வந்தாலே அப்படித்தான். மலை மறைக்கிறது. பழைய எஃப்.எம். காலத்தில் இரைச்சலோடாவது பாடிக்கொண்டிருக்கும். அதை மூடிவிட்டு, புதுசு தெளிவாக இருக்கும் என்றார்கள். தெளிவாகத்தான் இருந்தது, ஊமையாக இருக்கிற நேரம் போக. இங்கே நின்று பாட்டுக் கேட்க வேண்டுமானால் கைபேசிதான் கதி.

அவர் குனிந்து, கட்டுத்தூணிலிருந்து தொங்கிய கயிற்றை இழுத்துப் பார்த்தார். தானாக அறுந்த கயிறு நார் நாராகப் பிரிந்து தொங்கும். இது வெண்ணெயை வெட்டினாற்போல இருந்தது. இரண்டு கயிறும் அப்படியே.

தூணுக்குப் பக்கத்தில் பனியில் ஒரு கத்தி. மஞ்சள் பிடி. மீன் ஆலைக் கத்தி. பிடியில் 27 என்று சுட்டிருந்தது.

இருபத்தேழாம் நம்பர்க்காரன் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான்.

காலை 8.20.

படகை வடக்குப் பாறையில் கண்டுபிடித்தார்கள். அடிப்பலகை பிளந்து, ஒருக்களித்துக் கிடந்தது. வருகிற திங்கட்கிழமை காட் மீன் பருவம் தொடங்குகிறது. மூன்று மாதம் ஓடினால்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரியும்.

சுன்னிவா கடையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. அழவில்லை. காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"இடங்காட்டிக் கருவி சொல்லுது," என்றாள். "நேத்து சாயங்காலம் 6.43க்குப் படகு நகர ஆரம்பிச்சிருக்கு. தெற்குக் காத்து தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. ஊர்ல ஒருத்தன் வெளிய இல்ல."

"எவன் இருப்பான்? புதன்கிழமை சாயங்காலம்," என்றாள் குட்ரூன்.

கடையும் குட்ரூனுடையதுதான், கடைக்குப் பின்னறையில் இருக்கிற தீவு வானொலியும் அவளுடையதுதான். புதன்தோறும் ஆறு மணிக்கு ரேடியோ பிங்கோ. எண்கள் அச்சடித்த சீட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு போய், அவரவர் வீட்டு ரேடியோ முன்னால் பேனாவோடு உட்கார வேண்டியது. குட்ரூன் எண்ணை இரண்டு முறை வாசிப்பாள், இருபது செகண்ட் பொறுப்பாள், அடுத்ததை எடுப்பாள். சீட்டில் ஒரு வரிசை நிறைந்தவன் அந்த இருபது செகண்டுக்குள் ஃபோன் செய்ய வேண்டும். அடுத்த எண் வந்துவிட்டால் போச்சு. அந்த ஒன்றரை மணி நேரம் தீவில் நாய்கூடக் குரைக்காது.

"நேத்து பரிசு உலர்த்துன ஆட்டுத்தொடை," என்றாள் குட்ரூன். "அதுலதான் இந்த ஓட்வார் என் உசிர எடுக்கிறான். இங்க பாரு, காலங்காத்தால கதவிடுக்குல சொருகிட்டுப் போயிருக்கான்."

பென்சிலில் எழுதிய தாள். ஐவிண்ட் எழுத்துக் கூட்டிப் படித்தார். பள்ளிக்கூடம் அவருக்கு நான்கு குளிர்காலத்தோடு முடிந்தது. 'அறுபத்தொன்று வந்த கையோடு கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒரு எண்கூட வரவில்லை. இருபது வருஷத்தில் நான் ஒருமுறை பிந்தியதில்லை. ஆட்டுத்தொடை என்னுடையது. ஓட்வார்.'

"நானும் கேட்டேன்," என்றார் ஐவிண்ட். "நீ அவன்கிட்ட கத்துனத."

"பின்ன? அறுபத்தொண்ணு போயி, எட்டு போயி, முப்பத்திமூணும் போயிருச்சு. அப்பதான் லைன்ல வர்றான். 'நம்ம ஓட்வார்தான், சமையலறையில சும்மா உக்காந்திருக்கேன், பிங்கோ'ங்கிறான். ரெண்டு நம்பர் தாண்டிருச்சு மனுஷா, போய்ப் படுன்னேன். தொண்டையே போச்சு எனக்கு. நேத்து ஆறு பேர் கூப்பிட்டாங்க. அஞ்சு பேருகிட்ட அதே பாட்டு. ரேடியோவக் குறை, ரேடியோவக் குறை, என் கொரல் எனக்கே திரும்பிக் கேக்குது, ஒண்ணும் புரியலன்னு. ஆறாவது இவன், திருட்டுப் பட்டம் கட்டுறான் எனக்கு."

சுன்னிவா சிரிக்கவில்லை. "படகு போச்சு, ஆட்டுத்தொடை பேசுறீங்க," என்றாள்.

காலை 9.40.

படகுத்துறையில் பெருநிலத்திலிருந்து வரும் பயணிகள் படகு வந்து நின்றது. போலீஸ்காரி மாரித் இறங்கினாள். பிற்பகல் 1.10க்குத் திரும்பும் படகு. அதைவிட்டால் நாளைக்குத்தான். அதனால் அவள் உட்காரவேயில்லை. நின்றுகொண்டே கேட்டாள், நின்றுகொண்டே எழுதினாள்.

கத்தியைப் பையில் போட்டாள். பிறகு ரீமாஸைக் கூப்பிட்டாள்.

ரீமாஸ் லித்துவேனியாக்காரன். இரண்டு வருஷமாக மீன் ஆலையில் தலை வெட்டுகிறான்.

"உன் கத்திதானா?"

"என் நம்பர்தான். ஆனா கத்தி எல்லாம் ஆலை வாசல்ல தொட்டியில கெடக்கும். மீன் கொண்டாந்து போடுற எவனும் எடுக்கலாம்."

"சுன்னிவாவோட சண்டை போட்டியாமே."

"படகுல வேலை கேட்டேன். ஆள் இருக்குன்னா. கோவத்துல கதவ அறைஞ்சுட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"நேத்து 6.43க்கு எங்க இருந்த?"

"என் ரூம்ல. பிங்கோ கேட்டுட்டு."

"சீட்டு வாங்குனியா?"

"இல்ல. நம்பர் பழகுறதுக்காகக் கேப்பேன். உங்க ஊரு நம்பர் நாக்குல நிக்க மாட்டேங்குது."

மாரித் ஐவிண்ட் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. அவன் ஃபோன் கத்துறது கேட்டுச்சு."

"ஃபோனா, அவனா?"

"ஃபோன்தான். அவன் வாயத் தொறக்கிற ஆளா?"

"ஃபோன விட்டுட்டு அவன் வெளிய போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம். படிக்கட்டு வெளிப்பக்கம். எனக்குத் தெரியாதத நான் சொல்ல மாட்டேன்."

ரீமாஸ் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வை மட்டும் ஐவிண்டின் கோட்டுக்குள் புகுந்த பனித்துகள் மாதிரி உள்ளேயே நின்றுவிட்டது.

"துறைமுகத்துல படகு கட்டுற அந்த இடத்து மேல வேற யாருக்காவது கண்ணு உண்டா?" என்று மாரித் கேட்டாள்.

"ஓட்வாருக்கு," என்றாள் சுன்னிவா. "உள்பக்கத்து இடம் அவன் அப்பன் காலத்துலேர்ந்து அவங்களது. போன இலையுதிர்காலத்துல துறைமுகக் கமிட்டி எனக்குக் கொடுத்துச்சு. அன்னையிலேர்ந்து முகம் குடுத்துப் பேசுறதில்ல."

"ஆனா அவன் வீட்லதான் இருந்தான்," என்றாள் குட்ரூன். "நிகழ்ச்சி முழுக்கப் பதிவு ஆயிருக்கு. அவன் என்கிட்ட பேசுறப்ப 6.41. தீவே கேட்டுச்சு. அவன் வீடு வடக்கு முனை. வண்டியில வந்தாலும் துறைமுகத்துக்கு எட்டு நிமிஷம்."

மாரித் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு ரீமாஸிடம், "துணிமணி எடுத்துக்கோ. 1.10 படகுல வர்ற," என்றாள்.

காலை 11.05.

ஐவிண்டால் உட்கார முடியவில்லை. காப்பி போட்டார், குடிக்க மறந்தார். சன்னலுக்குப் போனார், அடுப்புக்கு வந்தார், மறுபடி சன்னலுக்குப் போனார்.

நான் பொய் சொன்னேனா? இல்லை. தெரியாததைத் தெரியாது என்றேன். அப்புறம் ஏன் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது?

ரீமாஸ் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. யார் மேலும் கிடையாது. அவனைக் குடிவைத்த நாளிலிருந்து ஒரே தொல்லை அந்த ஃபோன்தான். கீழே சமையலறை ரேடியோவில் குட்ரூன் ஒரு எண்ணைச் சொல்லி முடித்து, அவர் குறித்து முடித்து, அடுத்ததுக்குக் காதைத் தீட்டும்போது, கூரை வழியாக அதே குட்ரூன் பழைய எண்ணைச் சொல்லுவாள். ஒரே வீட்டில் இரண்டு குட்ரூன். ஒருமுறை அவனைக் கேட்டார். "இண்டர்நெட் வழியா வருது. சுத்திக்கிட்டு வரும். பிந்தித்தான் வரும்," என்றான். எதைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. கடைப் பின்னறையில் பேசுகிற பொம்பளையின் குரல் முந்நூறு அடி தூரத்துக்கு எந்த ஊரையெல்லாமோ சுற்றி வருகிறதாம்.

நேற்றும் அப்படித்தான். ஓட்வாரின் ஆட்டுத்தொடைச் சண்டையை ரேடியோவில் ஒருமுறை கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, இரண்டு எண் குறித்த பிறகு, அதே சண்டை கூரையில் மறுபடி தொடங்கியது. எரிச்சலில் துடைப்பக் கட்டையால் இரண்டு இடி இடித்தார். சத்தம் குறைந்தது.

ஐவிண்ட் அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவில் அப்படியே நின்றார்.

சத்தம் குறைந்தது. ஃபோன் தன் குரலைத் தானே தாழ்த்திக்கொள்ளாது. ஒரு விரல் வேண்டும். ஓட்வார் பேசியது 6.41. கூரையில் அது வந்தபோது ஏறக்குறைய 6.42. அந்த நேரத்தில் மேலே ஒரு விரல் இருந்தது. துறைமுகத்துக்கு இங்கிருந்து நடை பத்து நிமிஷம்.

கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர், மறுபடி நின்றார்.

இரண்டு எண்.

மேலே இருந்த சண்டை கீழே இருந்ததைவிட இரண்டு எண் பிந்தி வந்தது. ஓட்வாரும் இரண்டு எண் பிந்தித்தான் கூப்பிட்டான்.

கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டது தெரியாமலே அவர் பனியில் இறங்கி நடந்தார்.

காலை 11.48.

கடையில் மாரித் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரீமாஸ் மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐவிண்ட் துடைப்பக் கதையை மூச்சு வாங்கச் சொன்னார்.

"காலையில தெரியாதுன்னீங்க," என்றாள் மாரித். "இப்ப தெரியும்ங்கிறீங்க. உங்க வீட்ல குடியிருக்கிறவன். நான் எதை எழுதுறது?"

"எழுதாத. கொஞ்சம் பொறு. ஓட்வார் வருவானா?"

"வராம?" என்றாள் குட்ரூன். "பன்னெண்டு மணிக்கு எங்கிட்ட பதில் கேக்க வர்றேன்னு ஃபோன் பண்ணிட்டான்."

வாசல் மணி அடித்தது. ஓட்வார் வந்தான். அறுபது வயசு, மீன் பீப்பாய் போன்ற உடம்பு. போலீஸ்காரியைப் பார்த்துத் தலையசைத்தான், குட்ரூனைப் பார்த்து முறைத்தான்.

"என்ன முடிவு பண்ண?"

"நீ பிந்திட்ட," என்றாள் குட்ரூன்.

ஐவிண்ட் குறுக்கே வந்தார். "நான் இவன் பக்கம், குட்ரூன். இவன் ஆடுற ஆட்டத்த இருபது வருஷமாப் பாக்குறேன். ஓட்வார், நீ கொஞ்சம் அசந்திருப்பியோ? கண்ணாடியத் தேடுனியா?"

"கண்ணாடி மூக்கு மேலதான் இருந்துச்சு."

"ஃபோன் பக்கத்து ரூம்ல இருந்துச்சோ?"

"கையில இருந்துச்சுய்யா. அறுபத்தொண்ணுன்னு காதுல விழுந்துச்சு, அழுத்துனேன். மூணு செகண்ட் ஆகியிருக்காது."

"அதுக்கப்புறம் எட்டு, முப்பத்திமூணுன்னு குட்ரூன் சொல்லுறா."

"சொல்லல. என் காதுல விழல. சத்தியம் பண்ணவா?"

"அம்மாகிட்ட சொல்லு," என்று மாரித்தைக் காட்டினார் ஐவிண்ட். "எழுதிக்கட்டும். அப்பதான் குட்ரூன் அடங்குவா."

ஓட்வார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாரித்திடம் அதையே மறுபடி சொன்னான். தன் சமையலறை மேசையில், தன் டிஜிட்டல் ரேடியோ முன்னால், எண் வந்த மூன்று செகண்டில். மாரித் புருவத்தைத் தூக்கினாள். ஆனாலும் எழுதினாள். அடியில் அவன் கையெழுத்துப் போட்டான்.

"நல்லது," என்றார் ஐவிண்ட். "குட்ரூன், மணி ஆச்சு. போய் அடி. ரீமாஸ், உன் ஃபோன்ல ரேடியோவப் போட்டு இப்படிக் கல்லாவுல வை."

தினமும் பன்னிரண்டு மணிக்குக் குட்ரூன் பின்னறையில் ஒரு பழைய கப்பல் மணியை மைக் முன்னால் அடிப்பாள்.

மணி 12.00.

சுவருக்கு அந்தப் பக்கம் நிஜ மணி டங்கென்றது. மாரித் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு செகண்ட். கல்லாவின் மேலிருந்த டிஜிட்டல் ரேடியோ டங்கென்றது. ஃபோனில் இன்னும் அக்கார்டியன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பத்து. இருபது. ஓட்வார் கால் மாற்றி நின்றான். முப்பது. குட்ரூனே பின்னறையிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டாள். நாற்பது.

நாற்பத்தைந்தாவது செகண்டில் ஃபோன் டங்கென்றது.

"ஒரே மணி. மூணு தரம்," என்றார் ஐவிண்ட். "ரேடியோ நாலு செகண்ட் பொய் சொல்லுது. ஃபோன் முக்கால் நிமிஷம் பொய் சொல்லுது. குட்ரூன் இருபது செகண்டுக்கு ஒரு நம்பர் எடுப்பா. ஃபோன்ல கேக்கிறவனுக்கு அறுபத்தொண்ணு போய்ச் சேர்றதுக்குள்ள இங்க ரெண்டு நம்பர் தாண்டிருக்கும். ஓட்வார் பொய் சொல்லல. கேட்ட கையோடதான் கூப்பிட்டான். ஆனா அவன் கேட்டது சமையலறை ரேடியோவுல இல்ல. ஃபோன்ல."

"ஃபோன்ல கேட்டா என்ன குத்தம்?" என்றான் ஓட்வார். குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"குத்தமில்ல. ஆனா இப்பதான் ரேடியோ முன்னாலன்னு கையெழுத்துப் போட்ட. குட்ரூன், நேத்து அஞ்சு பேருகிட்ட ரேடியோவக் குறைன்னு சொன்ன. ஆறாவது இவன்கிட்ட ஏன் சொல்லல?"

குட்ரூன் யோசித்தாள். "சொல்லத் தேவைப்படல. பின்னால ஒரு சத்தமும் இல்ல. கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருந்துச்சு."

"பதிவுல அது இருக்கும். சமையலறையில ரேடியோ ஓடியிருந்தா உன் குரல் உனக்கே திரும்பக் கேட்டிருக்கும். அவனுக்கும் எட்டு, முப்பத்திமூணெல்லாம் விழுந்திருக்கும். ஆனா ஃபோன்ல பாட்டுக் கேட்டுட்டே அதே ஃபோன்ல ஆளக் கூப்பிட்டா, பாட்டு நின்னுரும். அதான் அமைதி. சரி, வீட்ல ரேடியோ வச்சிருக்கிறவன், வண்டியில ரேடியோ வச்சிருக்கிறவன், ஃபோன்ல ஏன் கேக்கணும்? இந்தத் தீவுல டிஜிட்டல் ரேடியோ ஊமையாப் போற இடம் ஒண்ணுதான்."

"துறைமுகம்," என்றாள் சுன்னிவா. அவள் எப்போது எழுந்து நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"மலை நிழல்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தான். ஊரே வீட்டுக்குள்ள இருக்கிற நேரம். நாளைக்கு யாராவது கேட்டா என்னென்ன நம்பர் வந்துச்சுன்னு சொல்லணுமே, அதுக்குத்தான் சீட்டும் ஃபோனும். அதோட நிறுத்தியிருந்தா எனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஆனா வரிசை நெறைஞ்சு போச்சு. இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? கூப்பிட்டுட்டான். கூப்பிட்டதும் நல்லதுன்னு பட்டிருக்கும். சமையலறையில இருக்கேன்னு தீவுக்கே சொல்லியாச்சு. நீங்க யாராவது பிங்கோ சொல்லுறப்ப எங்க உக்காந்திருக்கோம்னு சொல்லுவீங்களா? சொல்லிட்டு எறங்கி, ஆலைத் தொட்டியில எடுத்த கத்தியால ரெண்டு கயித்தையும் அறுத்தான். 6.43."

மாரித் கையை நீட்டினாள். "ஓட்வார், ஃபோனக் குடுங்க. நேத்து ஆறு மணிக்கு மேல அது எந்த சிக்னல் கோபுரத்தோட பேசிட்டிருந்துச்சுன்னு கேட்டா சொல்லிரும்."

ஓட்வார் ஐவிண்டைப் பார்த்தான், கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தான். பிந்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பிடி தளர்ந்துவிடும். இருபது வருஷத்தில் ஒருமுறை பிந்தாதவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எங்க அப்பன் கட்டுன தூணு அது," என்றான் சுன்னிவாவிடம். "படகு பாறையில போய் மோதும்னு நான் நெனைக்கல. சும்மா வெளிய மெதக்கட்டும்னுதான்."

"தெற்குக் காத்துல," என்றாள் சுன்னிவா. "நாப்பது வருஷம் கடல்ல போறவன் நீ." அதற்குமேல் அவனிடம் அவள் பேசவில்லை. மாரித்திடம் திரும்பி, "அவன் படகு சும்மா நிக்கிது. இந்தப் பருவத்துக்கு நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"நான் போலீஸ். படகு குடுக்கிறவ இல்ல," என்றாள் மாரித். பிறகு ஓட்வாரைப் பார்த்தாள். "ஆனா ஒத்துக்கிட்டவங்க சேதத்துக்கு ஈடு குடுத்தா நீதிபதி காதுக்கு நல்லாத்தான் கேக்கும்."

ஓட்வார் தன் படகின் சாவிக்கொத்தை எடுத்துக் கல்லாவில் போட்டான்.

பிற்பகல் 1.10.

படகுத்துறைப் பலகையில் கால் வைத்த ஓட்வார், மாரித் தோளைப் பிடித்திருக்கும்போதே திரும்பினான். கரையில் குட்ரூன் நின்றாள்.

"குட்ரூன். நான் பிந்தல. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல. அப்ப அந்த ஆட்டுத்தொடை..."

"ஏறு மேல," என்றாள் குட்ரூன்.

அடுத்த புதன், மாலை 5.55.

சுன்னிவா ஒருவழியாக ரீமாஸைப் படகு வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவளோடு மூன்று நாள் கடலில் கிடந்து வந்தவன் கை வீங்கி, உதடு வெடித்து மாடிப்படி ஏறினான். ஐவிண்ட் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"டேய். அந்த ஃபோன மேல போட்டு உசிர வாங்காத. கீழ வந்து கேளு."

ரீமாஸ் படியிலேயே நின்றான். "அன்னைக்கு நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க."

"தெரியல, சொன்னேன். தெரிஞ்சப்புறம் பனியில ஓடி வந்தேன். கோட்டுப் பொத்தான்கூட சரியாப் போடல. வர்றியா, கதவ மூடட்டுமா? குளிர் உள்ள வருது."

அவன் இறங்கி வந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு சீட்டும் பேனாவும் இருந்தன. ரேடியோவில் குட்ரூன் முதல் எண்ணை எடுத்தாள்.

ஐவிண்ட் தன் சீட்டை இடது கையால் மறைத்துக்கொண்டார்.

"இங்க எட்டிப் பாக்காத," என்றார். "உன் சீட்ட மட்டும் பாரு."